நாலு மூலையிலும் மஞ்சள்

பெட்டியைப் பிரித்ததும் முதலில் வந்தது வாசனைதான். அச்சு மை வாசனைக்காக மூக்கைக் கிட்டே கொண்டுபோனேன். மஞ்சள் வாசனை அடித்தது. நான் உட்கார்ந்திருந்தது கல்யாண மண்டபம். கார்த்திகையில் நடந்த கடைசிக் கல்யாணத்தின் மிச்சம் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து, மேலே இருந்த புத்தகத்தை எடுத்தேன். அட்டையின் நாலு மூலையிலும் மஞ்சள். குழைத்து, விரலால் தொட்டு, அழுத்தி வைத்த மஞ்சள். அடுத்ததை எடுத்தேன், அதிலும். அதற்கடுத்ததிலும். இரண்டாவது பெட்டியைக் கிழித்தே திறந்தேன். அடி வரைக்கும் கைவிட்டு உருவிப் பார்த்தேன். மஞ்சள் படாதது ஒன்றுகூட இல்லை.

அது என் காமிக்ஸ். நானே எழுதி, நானே வரைந்து, அச்சகத்துக்கு நானே காசு கட்டிப் போட்ட முதல் புத்தகம். திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டிடிபி கடையில் வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று பகல் முழுக்க அடுத்தவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு டிசைன் போட்டுக்கொடுத்துவிட்டு, ஆர்.கே.பேட்டைக்கு பஸ் ஏறிப் போய், வீட்டில் உட்கார்ந்து எனக்காக வரைவேன். பக்கத்து அறையில் நைனாவின் விசைத்தறி ஓடும். அந்தச் சத்தத்தில் கோடு ஆடாமல் வரையப் பழகவே ஒரு வருஷம் ஆயிற்று.

கதை இதுதான். பள்ளிப்பட்டிலிருந்து ஆந்திரப் பக்கம் போய்த் திரும்புகிற ஒரு பஸ். அதில் ஒரு பெண் கண்டக்டர். திரும்பி வரும்போதெல்லாம் கிழித்த டிக்கெட்டைவிட வண்டியில் ஒரு தலை கூடுதலாக இருக்கிறது. யார் அது என்று தேடுகிறாள். எல்லைச் செக்போஸ்ட்டில் வண்டி நிற்கும்போது பின்படியில் ஏறி, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு கடைசி சீட்டில் உட்காருகிற ஒருத்தி. புருஷன் வீட்டிலிருந்து ஓடிவருகிறவள். ஏன் தினமும் வருகிறாள், ஏன் திரும்பிப் போகிறாள் என்பதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவரும். கண்டக்டர் அவளுக்கு டிக்கெட் கிழிக்காமல் விட ஆரம்பிக்கிறாள். கடைசியில் ஒரு மழை நாள் இருட்டில், செக்கிங் ஆட்கள் நடுவழியில் நிற்பது தூரத்திலேயே தெரிகிறது. கண்டக்டர் அவர்களுக்குக் கொஞ்சம் முன்னாலேயே விசில் அடித்து வண்டியை நிறுத்தி, அவளை இறக்கி விட்டுவிடுகிறாள். வண்டி போய்விடுகிறது.

இதை யாராவது படித்தார்களா என்றால், இல்லை. கடை முதலாளி பேப்பரைத் தடவிப் பார்த்து கனம் எத்தனை ஜிஎஸ்எம் என்று கேட்டார். காலேஜ் சிநேகிதிக்கு பிடிஎஃப் அனுப்பினேன். டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை, 'சூப்பர்டீ' என்று இரண்டு கைகூப்பு இமோஜியோடு பதில் வந்துவிட்டது. நைனா அட்டையைக் கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "பஸ்ஸு நல்லா கீது" என்றார். அம்மா அதுகூடச் சொல்லவில்லை. எனக்கு விற்கவேண்டும் என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். யாராவது ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிப்பதை என் கண்ணால் பார்க்கவேண்டும். அந்த முகம் கடைசியில் என்ன ஆகிறது என்று பார்க்கவேண்டும். அதற்காகத்தான் இந்தக் கூட்டத்தில் ஒரு மேசை கேட்டு வாங்கியிருந்தேன்.

தமிழ் காமிக்ஸ் ரசிகர்கள் அவ்வப்போது ஏதாவது ஓர் ஊரில் கூடுவார்கள். அந்த முறை திருத்தணி என்று முடிவானது. சென்னைக்காரர்களுக்கு மின்சார ரயில் இருக்கிறது, சித்தூர், வேலூர்க்காரர்களுக்கு பஸ் இருக்கிறது, மார்கழியில் யாரும் கல்யாணம் பண்ணமாட்டார்கள் என்பதால் மண்டபம் குறைந்த வாடகைக்குக் கிடைத்தது. மலைக்குப் போய்விட்டும் வரலாம் என்று குடும்பத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டும் வந்திருந்தார்கள். மேடையில் மாப்பிள்ளை பெண் உட்காருகிற அந்த இரண்டு சிவப்பு நாற்காலிகளை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. முகமூடி மாட்டிய இரண்டு பையன்கள் அதில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் நைனாவுக்கு போன் போட்டேன். அந்தப் பக்கம் தறி தடதடவென்று ஓடியது. அவர் கத்தினார், நானும் கத்தினேன். பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"நைனா, புக்குல மஞ்ச வச்சியா?"

"ஆங், வச்சேன். நீ அசந்து தூங்கிகினு இருந்தே, எழுப்பல."

"எதுக்கு வச்சே?"

"இன்னாம்மா கேக்குறே? புதுக் காயிதம், நாலு பேர் கையில குடுக்கப் போறே. மொட்டையாவா குடுக்குறது? நானும் உங்கம்மாவும் விடியறதுக்குள்ள குந்தி முடிச்சிட்டோம். ஒரு பொஸ்தகம் வுடல."

ஒரு புத்தகம் விடவில்லை என்பதை அவர் சொன்ன விதத்தில் அப்படி ஒரு பெருமை. எங்கள் வீட்டில் தறியிலிருந்து அறுத்த சேலையின் ஓரத்தில் மஞ்சள் தொடாமல் கடைக்கு அனுப்பமாட்டார்கள். சொந்தக்காரர்கள் யார் பத்திரிகை அடித்தாலும் என் கடையில்தான் அடிப்பார்கள். கட்டுகளை நான் வீட்டுக்கு எடுத்துப் போவேன். நைனாவும் அம்மாவும் கிண்ணத்தில் மஞ்சள் குழைத்துக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் நாலு மூலை வைத்துக் கொடுப்பார்கள். அவர்களுக்கு, நான் எடுத்துவந்த காகிதக் கட்டுகளில் இதுவும் ஒன்று. இரண்டு வருஷமாக என் காமிக்ஸைப் பற்றி 'பஸ்ஸு நல்லா கீது' என்பதற்குமேல் ஒரு வார்த்தை பேசாத மனுஷன், தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு இதைச் செய்திருக்கிறார். ஆசீர்வாதம் என்றால் இதுதான் ஆசீர்வாதம். எனக்கு அது புரியாமல் இல்லை. புரிந்தும் வயிறு எரிந்தது. புரிந்ததால் திட்டவும் முடியவில்லை, அது இன்னும் எரிந்தது. "சரி நைனா" என்று போனை வைத்துவிட்டேன்.

இந்தக் கூட்டத்துக்கு வருகிற ஆட்களைப் பற்றித் தெரிந்தால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். இவர்கள் பெரும்பாலும் ஐம்பதைத் தொட்டவர்கள். சின்ன வயதில் வாடகைக்கு வாங்கிப் படித்த காமிக்ஸ்களை இப்போது சம்பாத்தியத்தைக் கொட்டித் தேடிப் பிடிப்பவர்கள். புத்தகத்தைக் கையில் எடுத்தால் முதலில் பார்ப்பது மூலையைத்தான். மூலை மடங்கியிருக்கிறதா, மழுங்கியிருக்கிறதா என்று விரல் நுனியால் தொட்டுப் பார்ப்பார்கள். அப்புறம் தாள்களைச் சேர்த்து ஒட்டிய முதுகு. அப்புறம் பின்னட்டை. 'மின்ட்' என்றால் அச்சகத்திலிருந்து வந்தபடியே இருப்பது. அதற்குத்தான் மரியாதை. வாங்கியதும் கையோடு கொண்டுவந்த பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டிவிடுவார்கள். சிலர் இரண்டு பிரதி வாங்குவார்கள், ஒன்று படிக்க, ஒன்று வைக்க. அந்தப் படிக்கிற பிரதியையும் படிப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இவர்களிடம்தான் நாலு மூலையிலும் மஞ்சள் வைத்த புத்தகத்தை விற்க உட்கார்ந்திருந்தேன்.

வந்தார்கள். நல்ல மனிதர்கள்தான், அதைச் சொல்லவேண்டும். "ஓ, பொண்ணே வரைஞ்சதா, வெரிகுட்" என்றார்கள். ஒருத்தர் "வீட்டுக்காரர் வரைஞ்சதா?" என்று கேட்டார். அவரை விடுங்கள். எல்லாருமே அட்டையைப் பார்த்துச் சிரித்த முகத்தோடு எடுத்தார்கள், விரல் மூலைக்குப் போனது, விரலைத் திருப்பிப் பார்த்தார்கள், மெதுவாக வைத்துவிட்டார்கள். "இது இல்லாத காப்பி இருக்குங்களா?" என்று அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இல்லீங்க என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. "உள்ள கதை நல்லா இருக்கும், கொஞ்சம் பிரிச்சிப் பாருங்க" என்று ஒருத்தரிடம் கெஞ்சியே கேட்டேன். அவர் பயந்துபோய், "பிரிச்சா முதுகுல கோடு விழுந்துடும்மா, வேணாம்" என்றார். என் நல்லதுக்குத்தான் சொன்னார்.

நாலு மூலையையும் வெட்டி எறிந்துவிடலாமா என்று நினைத்தேன். கத்தரிக்கோல் இல்லை. ஒரு கட்டை அள்ளிக்கொண்டு கை கழுவும் இடத்துக்குப் போனேன். கைக்குட்டையை நனைத்துத் துடைத்தேன், மஞ்சள் பரவியது. ஆத்திரத்தில் அங்கே கிடந்த சோப்பைத் தொட்டுத் தேய்த்தேன். மஞ்சள் மேல் சோப்புப் பட்டால் என்ன ஆகும் என்பது துணி துவைக்கிற எல்லாருக்கும் தெரியும், நெசவுக்காரன் மகளுக்குச் சொல்லித்தரவே வேண்டாம். கோபம் வந்தால் எனக்கு எதுவும் நினைவிருப்பதில்லை. மஞ்சள் ரத்தச் சிவப்பாக மாறிவிட்டது. கதாநாயகியின் பஸ் ஏதோ விபத்தில் சிக்கியதுபோல அட்டை முழுக்கச் சிவப்புத் தீற்றல். அந்தக் கட்டை அங்கேயே குப்பைத் தொட்டியில் போடப் போய், மனசு வராமல், திரும்ப எடுத்துவந்து மேசைக்குக் கீழே வைத்தேன்.

அப்போதுதான் எங்கள் தெரு அத்தை உள்ளே வந்தார். சொந்த அத்தை இல்லை, எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி. மலையிலிருந்து இறங்கி வந்தவர், மண்டபம் திறந்திருப்பதைப் பார்த்துத் தண்ணீர் குடிக்க நுழைந்திருக்கிறார். நெற்றி நிறைய விபூதி, கையில் பூ சுற்றிய பை. என்னைப் பார்த்தார். என் மேசையைப் பார்த்தார். அடுக்கி வைத்த, நாலு மூலையிலும் மஞ்சள் வைத்த காகிதங்களைப் பார்த்தார். முகம் அப்படியே மலர்ந்தது.

"ஏண்டி, சொல்லவே இல்ல பாரு! மாப்ள எந்தூரு?"

எனக்கு முப்பத்திரண்டு வயது. இந்தக் கேள்விக்கு ஊரில் எல்லாருக்கும் பதில் சொல்லிச் சலித்தவள். "அத்த, இது பத்திரிகை இல்ல. கதை பொஸ்தகம். நான் போட்டது."

"ஆங், ஆங்" என்றார். ஒன்றை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "படம்லாம் போட்டு அடிச்சிகிறியா, இப்ப இதான் ஃபேஷன் போல."

"உள்ள பாருங்க அத்த. கல்யாணமே கிடையாது, பஸ்ஸு கதை."

"கண்ணாடி எடுத்துகினு வரலம்மா. வூட்ல மாமாவ வுட்டுப் படிக்கச் சொல்றேன்." பூவோடு சேர்த்துப் பைக்குள் வைத்தார். "மார்கழியில பத்திரிகை வச்சிட்டா தையில முகூர்த்தம், சரிதான். முருகன் கண்ணத் தொறந்துட்டான்."

போய்விட்டார். நான் பின்னால் ஓடவில்லை. ஓடியிருக்கவேண்டும். சாயந்திரத்துக்குள் அந்தத் தெரு முழுக்க எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கும். அந்தப் பிரதி அத்தை வீட்டுச் சாமி அலமாரியில் மற்ற கல்யாணப் பத்திரிகைகளோடு நிற்கும், யாரும் தொடமாட்டார்கள். ஒரு கூட்டம் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டுகிறது, ஒரு கூட்டம் கண்ணில் ஒற்றி உள்ளே வைக்கிறது. காகிதத்தில் எழுத்து எதற்கு இருக்கிறது என்று எவருக்கும் தோன்றாதா என்று எனக்கு வந்த கோபத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேடையிலிருந்த முகமூடிப் பையன் ஒருவன் என்னையே பார்த்தான். முகமூடிக்குள் அவன் என்ன நினைத்தானோ.

பக்கத்து மேசை அரக்கோணத்துக்காரருடையது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பழைய காமிக்ஸ் விற்பார், வாங்குவார், மாற்றிக்கொள்வார். மேசை முழுக்க உறை போட்ட புத்தகங்களை நூல் பிடித்த மாதிரி அடுக்கியிருந்தார். யாராவது உறைக்கு மேலேயே விரலால் அழுத்தினால்கூட "மெதுவா, மெதுவா" என்பார். இந்தக் கூட்டங்களில் பக்கத்து மேசைக்காரர்கள் காலையில் ஆளுக்கொரு புத்தகம் மாற்றிக்கொள்வது ஒரு வழக்கம். மரியாதைக்குச் செய்வது. வந்தவுடனே என்னிடம் ஒரு பழைய பிரதியைக் கொடுத்தார். நானும் பதிலுக்கு என்னுடையதைக் கொடுக்கவேண்டும். மேலே இருந்ததிலேயே மஞ்சள் கொஞ்சம் மங்கலாக இருந்த ஒன்றைப் பொறுக்கிக் கொடுத்தேன். அவர் மூலையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டு, உறையில் போட்டு ஒட்டி, பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் கலைந்தது. பாதிப் பேர் மலைக்குப் போய்விட்டார்கள், மீதிப் பேர் மாடியில் ஏலம் நடக்கிறது என்று ஏறிவிட்டார்கள். கீழே நானும் அவரும்தான். அவர் பெட்டியைத் திறந்து எதையோ அடுக்கியவர், "அய்யய்ய" என்றார்.

"இன்னா சார்?"

உறையைத் தூக்கிக் காட்டினார். நைனா வைத்த மஞ்சள் உள்ளே இன்னும் காயவில்லை. உறைக்குள் புழுங்கி, கசிந்து, பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு, மேல் பக்கங்களின் ஓரம் வரைக்கும் இறங்கியிருந்தது. கூட வைத்திருந்த வேறொரு புத்தகத்தின் உறையிலும் கறை. நல்லவேளை, உள்ளே போகவில்லை. "மன்னிச்சிடுங்க சார்" என்றேன். எத்தனையாவது மன்னிப்போ. மாற்றிக் கொடுக்க என்னிடம் வேறு என்ன இருக்கிறது?

அவர் ஒட்டியிருந்த உறையைப் பிரித்தார். புத்தகத்தை வெளியே எடுத்து, கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு பட்டென்று மேசைமேல் போட்டார்.

"இது இனிமே கலெக்‌ஷனுக்கு ஆவாதும்மா" என்றார். மாடியில் யாரோ கை தட்டினார்கள். "படிக்கத்தான் ஆவும்."

நாற்காலியை மின்விசிறிக்குக் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை மாட்டி, பிரித்தார்.

நான் எதையோ அடுக்குவதுபோலக் குனிந்துகொண்டேன். முதல் சில பக்கங்களை அவர் பழக்க தோஷத்தில் பாதிக்கு மேல் திறக்காமல், உள்ளே எட்டிப் பார்க்கிற மாதிரி படித்தார். அப்புறம் கொஞ்சம் அகலமாக. அப்புறம் மடியில் வைத்து, இரண்டு பக்கமும் விரிய. விரல் நுனியெல்லாம் மஞ்சள், அதே விரலால் புரட்டினார். மாடியிலிருந்து ஒருத்தர் இறங்கி வந்து அவர் மேசையில் இருந்த ஒன்றைக் காட்டி என்ன விலை என்று கேட்டார். இவர் நிமிராமல் கையை மட்டும் ஆட்டினார். வந்தவர் கொஞ்சம் நின்றுவிட்டுப் போய்விட்டார். நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் எங்கேயோ ஓரிடத்தில் அவர் அட்டையைப் பின்னால் மடித்துப் பிடித்தார், ரயிலில் வாரப் பத்திரிகை படிக்கிறவர்கள் மடிப்பார்களே, அப்படி. முதுகு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை.

கடைசிப் பக்கத்தில் வெகு நேரம் இருந்தார். அதற்கு முந்தின பக்கத்துக்குப் போனார். மறுபடியும் கடைசிப் பக்கம். பின்னட்டையைத் திருப்பிப் பார்த்தார், அங்கே ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்பதுபோல. அங்கே என் கடையின் விளம்பரம்தான் இருந்தது.

"இன்னாம்மா இது?" என்றார்.

"ஏன் சார்?"

"எறக்கி வுட்டுட்டா?"

"ஆமா சார்."

"மழையில. இருட்டுல. அந்த ரோடு எனக்குத் தெரியும்மா, ஒரு டீக்கடை கெடையாது. நான் வண்டியில போயிகிறேன்." குரல் ஏறிவிட்டது. "தெனம் ஏத்திகினு வந்தா இல்ல? ஒரு நாளு மாட்டிகினா இன்னா? ஒரு டிக்கெட் கிழிச்சிக் குடுத்திருந்தா முடிஞ்சிது."

"எங்க ஏறுனா, எப்ப கிழிச்சதுன்னு செக்கிங்ல எல்லாம் பாத்துடுவாங்க சார். வேல போயிடும்."

"போவட்டுமே!"

"சொல்றது ஈஸி சார்" என்றேன். எனக்கும் கோபம் வந்துவிட்டது. காலையிலிருந்து யாரிடமும் காட்டமுடியாத கோபம் எல்லாம் சேர்ந்து இவரிடம் வந்தது. "கண்டக்டருக்கு வூட்ல ரெண்டு புள்ளைங்க இருக்கு. புருஷன் சம்பாதிக்கிறது கெடையாது."

"அது கதையில எங்க வருது?"

"வரல. எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரிஞ்சா போதுமா? அப்ப அத போட்டிருக்கணும். ஒரு கட்டம் போட்டா இன்னா கொறஞ்சிடும்? நான் இப்ப அவள இன்னான்னு நெனச்சிகினு வூட்டுக்குப் போறது?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மேசையைக் காலி பண்ண ஆரம்பித்தார். எவ்வளவு பத்திரமாக வைத்திருந்த புத்தகங்கள், அவற்றை அட்டைப் பெட்டியில் பொத்துப் பொத்தென்று போட்டார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. என் புத்தகத்தை மட்டும் பெட்டியில் போடாமல், மடித்தபடியே அக்குளில் இடுக்கிக்கொண்டார். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வாசலுக்கு நடந்தார். என் கதையைப் படித்த முதல் ஆள் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு போகிறார். எனக்கு அழுகையும் வந்தது, அதோடு இதுவரைக்கும் வராத ஒரு சந்தோஷமும் வந்தது. இரண்டையும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

வாசல்படியில் செருப்பு மாட்டியவர் திரும்பி வந்தார். பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"அந்தப் பொம்பள பேரு இன்னா?"

"யாரு, கண்டக்டரா? அவ பேரு பேட்ஜ்ல இருக்கே சார்."

"அவ கெடக்குறா. எறக்கி வுட்டியே, அவ."

நான் யோசித்தேன். இரண்டு வருஷம் அவளை வரைந்திருக்கிறேன். முந்தானை மடிப்பு, காலில் அறுந்த செருப்பு, ஜன்னல் கம்பியைப் பிடித்த விரல்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். கண்டக்டருக்கு, டிரைவருக்கு, டீ விற்கிறவனுக்குக்கூடப் பேர் வைத்திருந்தேன்.

"பேரு வைக்கல சார்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, அதுதான் தாங்கமுடியவில்லை.

"அவளையே கேட்டு வைம்மா" என்று சொல்லிவிட்டு ஸ்டேஷன் பக்கம் வேகமாக நடந்தார்.